பனியில் குளித்த கார்

அத்தியாயம் 9

"அதோ ஒரு இடம் காலியா இருக்கு பாஸ்."

"நாற்காலி இருக்கு."

"துருப்பிடிச்ச நாற்காலி. யாரோ குப்பைன்னு போட்டிருக்காங்க."

"குப்பைன்னு போட்டதை நடுரோட்டுல நிமிர்த்தி வைப்பாங்களா? வண்டியை எடு மோஸ்."

எடுத்தேன். பிட்ஸ்பர்க்கில் பனி கொட்டிய வாரத்தில் காரை ஓட்டுவது சுலபம். நிறுத்துவதுதான் தலைவலி. வாசலில் முட்டியளவு கிடக்கிற பனியை இடுப்பு ஒடிய அள்ளித் தள்ளி, ஒரு கார் நிற்கிற அளவுக்குத் தார்ச்சாலையைக் கண்ணால் பார்த்தவன், வெளியே கிளம்பும்போது அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவான். பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு உட்காருகிற ஆசாமிகள் உலகத்தில் உண்டு. நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டு காரை நிறுத்துகிறவன் எங்கள் ஊரில் கிடையாது. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் மீறினால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் இங்கே எல்லாக் குழந்தைகளும் வளர்கின்றன.

மூன்றாவது சுற்றில், மரியன்னை பொம்மை காவல் காத்த ஓர் இடத்தையும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாகக் கடந்து, ரொம்ப தூரம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தோம்.

என் பெயர் மோஸ் பெட்வே. முன்னே டாக்ஸி ஓட்டினேன். இப்போது ஐரீன் டூடெக்கை ஓட்டுகிறேன். ஐரீன் துப்பறிவாளர். பாதி ஆயுளை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், தாங்களே கொளுத்திவிட்ட கடைகளுக்கு இழப்பீடு கேட்டு வந்தவர்களோடு கழித்தவர். யாராவது அழுதுகொண்டே கதை சொன்னால் முதலில் அவர்கள் செருப்பைப் பார்ப்பார். சிகரெட்டை விட்டதிலிருந்து வாயில் எப்போதும் ஒரு புளிப்பு மிட்டாய் கிடக்கும்.

நாங்கள் போனது ரெஜிஸ் ஹவ்ரில்லாவின் கொழுக்கட்டைத் தொழிற்சாலைக்கு. பியரோகி என்று பலகையில் எழுதியிருக்கும். மாவுக்குள் உருளைக்கிழங்கையும் பாலாடைக் கட்டியையும் வைத்து மடித்து அழுத்தினால் அது கொழுக்கட்டை இல்லாமல் வேறென்ன? உறையவைத்துப் பையில் போட்டு ஊர் முழுக்க விற்கிறார். அந்த விற்பனையில் வந்த தெம்பில் வாஷிங்டன் காங்கிரஸ் சபைக்கு இரண்டு முறை போட்டியிட்டு இரண்டு முறையும் மண்ணைக் கவ்வியவர். வருகிற நவம்பரில் மூன்றாவது முறை.

எதிராளி எப்போதும் ஒருவர்தான். ப்ரெண்டன் லோமாக்ஸ், எங்கள் தொகுதியின் காங்கிரஸ் சபை உறுப்பினர்.

"கையெழுத்துப் போட்டுடறேன் மேடம்" என்றார் ரெஜிஸ், நாங்கள் உட்காருவதற்கு முன்பே.

ஆளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பெரிய உடம்பு, பெரிய கை, பெரிய குரல் உள்ள மனிதர். அன்றைக்குக் குரல் மட்டும் எங்கோ தொலைந்திருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், தலையில் வலை கட்டிய பெண்கள் கொழுக்கட்டை ஓரங்களை அழுத்திக்கொண்டே அவரை ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

"எதுல கையெழுத்து?"

தாளைத் தள்ளினார். நான் படித்தேன். 'லோமாக்ஸ் இந்தத் தொகுதியில் குடியிருக்கவில்லை என்று நான் சொன்னது பொய். போட்டியிலிருந்து விலகுகிறேன். தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்கிறேன்.'

"நான் பொய்யன்னு நானே எழுதிக் கொடுக்கணுமாம்" என்றார் ரெஜிஸ். "குயின்ஸ் தெருவுல அவர் பேர்ல ஒரு வீடு இருக்கு, அதுல சிலந்திதான் குடியிருக்கு, அவர் குடியிருக்கிறது பக்கத்து மாநிலம் மேரிலாண்ட்லன்னு போர்டு வெச்சேன். அவதூறு வழக்கு போட்டார். என் தொழிற்சாலையையே முழுங்கற அளவுக்கு நஷ்ட ஈடு கேக்கறார். வழக்கு நிக்காது, தைரியமா இருன்னு சொன்ன என் வக்கீல் போன வாரம் கம்பி நீட்டிட்டார்."

"ஏன் நீட்டினார்?"

"பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தங்க, லோமாக்ஸ் அங்கதான் குடியிருக்கார்னு பிரமாணப் பத்திரம் கொடுத்திட்டாங்க. அதுக்கு மேல இப்ப இது."

இரண்டு புகைப்படங்களை மேசையில் போட்டார்.

முதல் படத்தில் ஒரு சாம்பல் நிறக் கார். கார் என்று ஊகிக்கத்தான் வேண்டும். தலை முதல் டயர் வரை கை தடிமனுக்குப் பனிக்கட்டி மூடியிருந்தது. கதவுப்பிடி, கண்ணாடி, துடைப்பான் எல்லாம் உள்ளே சிறைப்பட்டுக் கிடந்தன.

"லோமாக்ஸோட கார். அவர் வீட்டு வாசல்ல நின்னது. என் ஆளுங்க செஞ்ச மிரட்டலாம். நான் கையெழுத்துப் போடலேன்னா நாளைக்கு எல்லா டி.வி.யிலயும் இதைக் காட்டி என்னை ரவுடின்னு சொல்லப்போறாராம். அவரோட வக்கீல் கோப் இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் கொடுத்திருக்கான்."

"நீங்க செய்யலையே?" என்றேன்.

"செய்யல தம்பி! ஆனா எவன் நம்புவான்? பிரச்சாரத்துல வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தேனா? 'இந்த லோமாக்ஸை என் கொழுக்கட்டை மாதிரியே உறைய வைக்கிறேன் பாருங்க'ன்னு மைக்ல கத்தினேன். கை தட்டினாங்க. கார் உறைஞ்ச அன்னிக்கு என் லாரி வேற அந்தத் தெருவுல இருந்துச்சு, சர்ச்சுக்கு சரக்கு இறக்கிட்டு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

ஐரீன் இரண்டாவது படத்தைக் கையில் எடுத்தார். அதே கார், பனிக்கட்டி இல்லாமல். பக்கத்தில் லோமாக்ஸ், விலையுயர்ந்த கோட்டில், பனி அள்ளும் மண்வாரியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கீழே வாசகம்: 'என் வாசல், என் பனி, என் ஊர்.'

"சிலந்திப் பேச்சுக்குப் பதிலடியா, கார் உறையறதுக்கு முன்னாடி அன்னிக்கே எடுத்துப் போட்டது" என்றார் ரெஜிஸ்.

"மோஸ், இந்த மண்வாரியைப் பாரு."

பார்த்தேன். தகட்டின் நடுவே கடைக்காரர் ஒட்டிய சீட்டு பளபளவென்று அப்படியே இருந்தது.

"ஒரு பிடி பனி கூட அள்ளாத மண்வாரி பாஸ். மனுஷன் அதைக் கோட்டுக்குப் பொருத்தமா வாங்கியிருக்கார்."

"ஆனா கார் நிக்கிற தரை?"

"சுத்தமா இருக்கு. கறுப்புத் தார் தெரியுது."

"அப்ப அந்த இடத்தை அள்ளினது யாரு?"

ஐரீன் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். அவர் முகத்தில் அந்த மாதிரி ஒரு அமைதி வந்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம்.

"ரெஜிஸ், நாங்க திரும்பி வர்ற வரைக்கும் பேனாவைத் தொடாதீங்க."

"சாயங்காலம் வரைக்கும்தான் மேடம்" என்றார் அவர். "அதுக்கு மேல என்னால தாங்க முடியாது. அந்தப் பொம்பளைங்க முகத்தைப் பாருங்க. வேலை இருக்குமான்னு கேக்கக்கூட பயப்படறாங்க."

*

குயின்ஸ் தெரு குன்றின் மேலே. மேலே வண்டி நிறுத்த வழியில்லை. இரண்டு பக்கமும் நாற்காலி, வாளி, பழைய தொட்டில். அடிவாரத்தில் நிறுத்திவிட்டு நகராட்சிப் படிக்கட்டில் ஏறினோம். பாதிப் படிகளைப் பனி விழுங்கியிருந்தது.

"பாஸ், நான் செத்தா என் பங்கு சம்பளத்தை..."

"பேசாம ஏறு. மூச்சு மிச்சமாகும்."

லோமாக்ஸ் வீட்டுக்கு ஒரு பக்கம் சர்ச் சுவர். எதிரே வெறும் சரிவு. மறுபக்கம் ஒரே ஒரு வீடு. ஆக, உலகத்தில் லோமாக்ஸுக்கு இருந்தது ஒரே பக்கத்து வீட்டுக்காரி. பிரமாணப் பத்திரம் கொடுத்த வெரா பாலுச்.

லோமாக்ஸின் வாசல்படியில் பனி மொத்தையாகக் கிடந்தது. 'என் பனி' என்று அவர் சொன்னது சரிதான், யாரோ மிதித்து ஏறிய பழைய தடத்தைத் தவிர ஒருவரும் அதில் கை வைத்திருக்கவில்லை. ஆனால் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஐயா வாஷிங்டனில் மக்கள் பணியில் இருக்கிறார் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

வெராவின் வாசலில், பனி அள்ளிய ஒரு கார் இடத்தில் அவருடைய பழைய பச்சைக் கார் நின்றது. பக்கத்தில் பனிமேட்டில் ஒரு இஸ்திரி மேசை சாய்ந்து நின்றது.

ஐரீன் அதையே பார்த்தபடி மணியை அழுத்தினார்.

கதவு திறந்தது. ஊன்றுகோலோடு ஒரு அம்மாள். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் என்று ரெஜிஸ் சொல்லியிருந்தார். தோளைப் பார்த்தால் பேருந்தைத் தூக்கியே ஓரம் வைத்திருப்பார் என்று தோன்றியது. கையெல்லாம் மாவு.

"ஓட்டு கேக்க வந்திருந்தா அப்படியே இறங்கிப் போங்க."

"இல்லம்மா. ஹவ்ரில்லா கேஸ் விஷயமா..."

"அந்தக் கொழுக்கட்டைக்காரனா? உருளைக்கிழங்கை மாவுக்குத் தூரத்துலருந்து காட்டிட்டு ஐஸ்பெட்டியில போட்டு விக்கிறவன்! அவனுக்கு ஓட்டுன்னா என் கை அழுகிப் போகும். கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாச்சு. லோமாக்ஸ் ஐயா எட்டு வருஷமா என் பக்கத்து வீடு. அவ்வளவுதான். வர்றேன்."

"வர்றேன்னு நாங்கதானேம்மா சொல்லணும்" என்றேன். முறைத்தார். கதவு மூடப் போனது.

"இஸ்திரி மேசை காத்துல சாஞ்சிடாதா?" என்றார் ஐரீன்.

கதவு நின்றது.

"சாயத்தான் செய்யுது" என்றார் வெரா.

"நாற்காலி இல்லையா?"

அந்த அம்மாளின் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. கோபம் என்றால் எனக்குப் பழக்கம். இது அதற்கும் அடியில் இருந்தது.

"இருந்துச்சு" என்றார். "உள்ள வாங்க. குளிர் உள்ள வருது."

சமையலறையில் கொழுக்கட்டை வரிசையாக மாவுத் துணியில் கிடந்தது. எனக்கு ஒரு தட்டு வந்தது. வெங்காயம் வெண்ணெயில் பொரிந்து மேலே மினுங்கியது. ரெஜிஸுக்கு நான் விசுவாசமானவன், ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும், அவருடையது இதன் பக்கத்தில் நிற்காது.

"சிவப்பு சீட்டு வெச்ச சமையலறை நாற்காலி" என்று ஆரம்பித்தார் வெரா. "நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கினது. போன வாரம் அந்தப் பனி கொட்டிச்சில்ல? எனக்கு இடுப்புல ஆபரேஷன் ஆகி இன்னும் சரியாகல. விடிஞ்சதுலருந்து கொஞ்சம் அள்ளுவேன், கொஞ்சம் உக்காருவேன். கொஞ்சம் அள்ளுவேன். எப்படியோ காரை எடுத்தேன். நாற்காலியைப் போட்டேன். இடுப்புக்குப் பயிற்சி கொடுக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

"திரும்பி வந்தப்ப?"

"என் இடத்துல எவனோ காரை நிறுத்தியிருந்தான். என் நாற்காலி படியோரம் கிடந்துச்சு. எட்டி உதைச்சிருக்கணும், ஒரு கால் முறிஞ்சு போச்சு." குரல் உடைந்தது, இருமி மறைத்தார். "வேற இடம் ஏது? மலைக்குக் கீழ நிறுத்திட்டு அந்தப் படிக்கட்டுல வந்தேன். நடந்து இல்ல. ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து."

நானும் சற்று முன் அதே படிகளில் ஏறினேன். இரண்டு நல்ல இடுப்போடு.

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

வெரா நிமிர்ந்தார்.

"செய்ய வேண்டியதைச் செஞ்சேன். கீழ் அறைக் குழாயில ரப்பர் டியூப்பை மாட்டி ஜன்னல் வழியா விட்டு, காரைக் குளிப்பாட்டினேன். உறையட்டும்னு ஒரு காபி குடிச்சேன். மறுபடி குளிப்பாட்டினேன். மறுபடி காபி."

"எத்தனை காபி?" என்றேன்.

"அன்னிக்குத் தூக்கமே வரல."

எனக்கு அப்போதுதான் மண்டையில் மணி அடித்தது. மிரட்டல், ரவுடி, அரசியல் வன்முறை என்று வக்கீல்கள் எழுதியதைப் படித்துப் படித்து நான் பிறந்த ஊரே எனக்கு மறந்துபோயிருக்கிறது. காரில் பனிக்கட்டி என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாற்காலி! ரெஜிஸுக்கும் பயத்தில் அது தோன்றவில்லை. ஐரீனுக்கு மட்டும் அந்தச் சுத்தமான தரையைப் பார்த்ததுமே தோன்றிவிட்டது.

"யாரோட கார்னு தெரியுமா?" ஐரீன் சாதாரணமாகக் கேட்டார்.

"எந்த நாசமாப் போனவனோ. வெளியூர் நம்பர் பிளேட். அந்தக் காரை நான் அதுக்கு முன்னாடி இந்தத் தெருவுல கண்டதே இல்ல."

"கண்டதே இல்லையா?"

"சத்தியமா."

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

ஐரீன் முதல் படத்தை மாவு படாத ஓரத்தில் வைத்தார். "இந்தக் காரா?"

"இதேதான்! என் கைவேலை!" வெரா சிரித்தார். "யாரு எடுத்தது? ஒரு பிரதி எனக்குக் கொடும்மா, ஃப்ரிட்ஜுல ஒட்டிக்கிறேன்."

ஐரீன் இரண்டாவது படத்தை அதன் பக்கத்தில் வைத்தார்.

வெரா பார்த்தார். அதே கார். பக்கத்தில் சிரிக்கிற லோமாக்ஸ். அவர் காலுக்குப் பின்னால், படத்தின் மூலையில், பனியில் கவிழ்ந்து கிடந்த சிவப்பு நாற்காலி.

வெரா மாவுக் கையாலேயே அந்த மூலையைத் தொட்டார்.

"எட்டு வருஷமா பக்கத்து வீடு" என்றார் ஐரீன், குரலை உயர்த்தாமல். "அவர் கார் எதுன்னு உங்களுக்குத் தெரியல. உங்க நாற்காலி எதுன்னு அவருக்குத் தெரியல."

"வெளிய போங்க."

"வெராம்மா..."

"போங்கன்னு சொன்னேன்ல! என் இடுப்பு உடைஞ்சு பென்ஷன் நின்னு போனப்ப ஊர்ல ஒருத்தன் எட்டிப் பாக்கல. அவரோட ஆபீஸ்லருந்து ஒரு பொண்ணு போன் பண்ணி எல்லாத்தையும் சரி பண்ணிக் கொடுத்தா. அதுக்கு அப்புறம் ஒரு கையெழுத்து கேட்டாங்க, போட்டேன். இப்ப மாத்திப் பேசினா கோர்ட்டுல பொய் சொன்னவள்னு என்னைத்தான் உள்ள தள்ளுவாங்க. நான் எதையும் சொல்லல. நீங்க எதையும் கேக்கல. போங்க."

ஐரீன் எழுந்தார். படங்களை எடுத்துக்கொள்ளவில்லை.

"என்கிட்ட வேற பிரதி இருக்கு. இது உங்ககிட்டயே இருக்கட்டும். இன்னிக்கு சாயங்காலம் டவுன்ல கோப்னு ஒரு வக்கீலோட ஆபீஸ், கோர்ட்டுக்கு எதிர்க் கட்டடம். அங்க ரெஜிஸ் தன்னைப் பொய்யன்னு எழுதிக் கொடுக்கப் போறார். அவர் சொன்ன ஒரே உண்மைக்காக."

கதவு எங்கள் முதுகுக்குப் பின்னால் அறைந்து மூடியது.

*

"பாஸ், போன்ல பதிவு பண்ணியிருக்கலாம்ல!"

"இந்த மாநிலத்துல கேக்காம பதிவு பண்ணினா நாமதான் ஜெயிலுக்குப் போவோம். வண்டியை ஓட்டு."

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே பாஸ்! அந்த அம்மா பேசமாட்டாங்க. நமக்கு ஒண்ணுமே இல்ல."

ஐரீன் புது மிட்டாய் கூட எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முன்னால் ஒரு பனி அள்ளும் லாரி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. முந்த வழியில்லை. போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"மேடம், அவங்க கார் அனுப்பிட்டாங்க" என்றது ரெஜிஸின் குரல். "நான் ஏறிட்டேன்."

"இறங்குங்க ரெஜிஸ்! காரைக் குளிப்பாட்டினது யாருன்னு தெரிஞ்சிடுச்சு!"

"கோர்ட்டுல வந்து சொல்வாங்களா?"

ஐரீன் பொய் சொல்லத் தெரியாத பெண்மணி; அந்தத் தொழிலுக்கு அது பெரிய குறை.

"தெரியல."

"நல்லது மேடம். நீங்க ரொம்ப முயற்சி பண்ணீங்க" என்றார் ரெஜிஸ். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "ரெண்டு தடவை தோத்தேன். தோத்தது வலிக்கல. இது வலிக்குது." போன் நின்றது.

நான் லாரியை நோக்கி, என் அம்மா கேட்டிருந்தால் சோப்புப் போட்டு வாயைக் கழுவியிருக்கும் வார்த்தைகளைச் சொன்னேன்.

*

கோப்பின் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது ரெஜிஸ் ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். பேனா இரண்டாவது பிரதிக்கு மேல் இருந்தது. எதிரே லோமாக்ஸ், நிதானமாக, கால் மேல் கால். பக்கத்தில் வாஷிங்டனிலிருந்து வந்த வக்கீல் கோப். மேசை மூலையில் முத்திரையோடு காத்திருந்தார் நோட்டரி கஸ். தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கிற உள்ளூர்க்காரர், எனக்குத் தெரிந்தவர்தான்.

"முத்திரை குத்தியாச்சா கஸ்?" என்றார் ஐரீன், மூச்சு வாங்க.

"இன்னும் இல்லம்மா."

"யார் நீங்க? இது தனிப்பட்ட கூட்டம்" என்றார் கோப்.

"ஒரே ஒரு கேள்வி. அப்புறம் போயிடறேன்."

லோமாக்ஸ் பெருந்தன்மையாகக் கையை அசைத்தார். ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை செலவில்லாமல் வரும். "கேக்கட்டும் கோப்."

"உறைஞ்சு போன உங்க காரைப் பாத்ததும் என்ன நினைச்சீங்க?"

"என்ன நினைப்பாங்க? மிரட்டல்னு நினைச்சேன். கொலைவெறி."

"பக்கத்துல யாரையாவது விசாரிச்சீங்களா?"

"எதுக்கு? இந்த ஊர்ல என் மேல கோபம் இருக்கிற ஒரே ஆள் இதோ இங்க உக்காந்திருக்கார்."

ஐரீன் பையிலிருந்து உறைந்த காரின் படத்தை எடுத்து நோட்டரியின் முன் வைத்தார். "கஸ், உங்க காரை நீங்க ஒருநாள் இப்படிப் பாத்தா?"

கஸ் பார்த்தார். அடக்கிக்கொள்ளும் முன்பே சிரிப்பு வந்துவிட்டது. "ஐயையோ. யாரோட நாற்காலியை எடுத்துட்டேன்னு வீடு வீடா ஓடி மன்னிப்புக் கேப்பேன்."

லோமாக்ஸ் புருவத்தைச் சுருக்கினார்.

"எந்த நாற்காலி?"

ரெஜிஸ் மெதுவாகத் தலையைத் தூக்கினார். இத்தனை நாள் பயத்தில் மூடிக்கிடந்த ஏதோ ஒன்று அவர் கண்ணில் திறந்தது. கஸ், முத்திரையை எடுத்து அதன் பெட்டிக்குள் வைத்தார்.

"சார்" என்றார் கஸ் மரியாதையாக, "நீங்க எந்த ஊரு?"

கோப் மேசையைத் தட்டினார். "வேடிக்கை போதும். நாற்காலியைப் பற்றித் தெரியாதது குற்றமில்லை. நீதிபதி முன்னால இதுக்கெல்லாம் மதிப்பே கிடையாது. எங்ககிட்ட சத்தியம் பண்ணிக் கொடுத்த சாட்சி இருக்காங்க. ஒட்டின வீடு. உங்ககிட்ட என்ன இருக்கு?"

அவர் சொன்னது சரி. அதுதான் கொடுமை. எங்களிடம் ஒரு மருந்துக்கடைக்காரரின் சிரிப்பைத் தவிர எதுவும் இல்லை. ரெஜிஸின் கண்ணில் திறந்தது மறுபடி மூடுவதை நான் பார்த்தேன், பார்க்கச் சகிக்கவில்லை. அவர் பேனாவை எடுத்தார்.

அப்போது நடையில் ஏதோ இழுபடுகிற சத்தம். ஊன்றுகோல் ஒரு தட்டு, மரம் தரையில் ஒரு இழுப்பு. மறுபடி தட்டு, இழுப்பு.

கதவு திறந்தது. தலையெல்லாம் பனியோடு ஒரு பெரிய உருவம் நின்றது. ஒரு கையில் ஊன்றுகோல். மறு கையில் மூன்று கால் சிவப்பு நாற்காலி.

யாரும் அசைவதற்குள் லோமாக்ஸ் எழுந்து, வாக்காளர்களுக்கென்று வைத்திருக்கிற அந்தச் சிரிப்பை முகத்தில் மாட்டினார்.

"வாங்கம்மா. என்ன உதவி வேணும்? யாரும்மா நீங்க?"

கோப் கண்ணை மூடிக்கொண்டார். பிரமாணப் பத்திரம் வாங்க அந்த அம்மாள் வீட்டுக்குப் போனவர் அவர்தான். அந்த முகம் அவருக்குத் தெரியும்.

"நானா?" என்றார் வெரா. மூச்சிரைத்தது. "எட்டு வருஷமா உன் பக்கத்து வீட்டுக்காரி. உன் சாட்சி. வெரா பாலுச்."

லோமாக்ஸின் முகத்தில் ஈயாடவில்லை.

வெரா நாற்காலியைத் தூக்கி, கையெழுத்துக்காகக் காத்திருந்த காகிதங்களின் மேல் வைத்தார். அது ஒருபக்கம் சாய்ந்து நின்றது.

"எந்த நாற்காலின்னு கேட்டது வெளிய வரைக்கும் கேட்டுச்சு. இந்த நாற்காலிதான்யா. உன் காரைக் குளிப்பாட்டினது நான். இந்தக் கொழுக்கட்டைக்காரன் இல்ல. வேணும்னா என் மேல கேஸ் போடு." கஸ் பக்கம் திரும்பினார். "எழுதிக்க தம்பி, உன் முத்திரையையும் குத்து. அந்த வீட்டுல இந்த ஆளை நான் பாத்ததே இல்ல. எழுதிக் கொடுத்தது பொய். பென்ஷன் வாங்கிக் கொடுத்த நன்றிக்காகச் சொன்ன பொய். அதுக்கு ஜெயில்னா ஜெயில்." மறுபடி லோமாக்ஸ் பக்கம் திரும்பினார். "படி படியா உக்காந்து ஏறினேன்யா. உன் வீட்டுல வெளிச்சம் தெரிஞ்சுது, யாரோ ஆபீஸ் ஆளுங்கன்னு நினைச்சேன். நீ உள்ளதான் இருந்திருக்கே. என்னன்னு ஒரு தடவை எட்டிப் பாத்தியா?"

லோமாக்ஸ் கோப்பைப் பார்த்தார். கோப் தன் பையை மூடிக்கொண்டிருந்தார்.

வெராவின் கால் தள்ளாடியது. நான் பிடிக்கப் போவதற்குள் ரெஜிஸ் எழுந்துவிட்டார். கையெழுத்துப் போட்ட தாளை இரண்டாகக் கிழித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டே, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்து அந்த அம்மாளின் பின்னால் போட்டார். கண்ணீர் தாடையில் ஓடியது, துடைக்க மறந்திருந்தார்.

"உக்காருங்கம்மா" என்றார்.

வெரா உட்கார்ந்தார். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் கொழுக்கட்டையை இன்னமும் மனுஷன் வாயில வைக்க முடியாது" என்றார்.

"தெரியும்மா" என்றார் ரெஜிஸ். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."